செங்கல்தூளுக்கும் போகாத கறை

பள்ளிக்கூடப் பல் நேர்ஸ் வேலை என்பது, பிள்ளைகளை வாய் திறக்கச் சொல்லிவிட்டு நாமே ஓயாமல் வாய் திறக்கிற வேலை. உங்களையும் சின்ன வயதில் ஒருத்தி கதிரையில் இருத்தித் திட்டியிருப்பாள். தொண்ணூறுகளில், வவுனியாப் பக்கக் குடியேற்றம் ஒன்றில், அந்த ஒருத்தி நான்தான்.

தேய்ப்பு

வதனிக்கு ஒன்பது வயது. முன்பல் முழுக்க மண்ணிறக் கறை. "பல் தீட்டாத சோம்பேறி" என்று வகுப்புக்கு முன்னாலேயே சொன்னேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என்மேலேயே எனக்கு வெறுப்பு வரும். அடுத்த கிழமை பல்லடி முரசுச் சதையெல்லாம் புண்ணாகி, இரத்தம் கசிய வந்து நின்றாள். கறை அப்படியே இருந்தது.

"மிஸ்ஸி, உப்பு, கரி, செங்கல்தூள் எல்லாம் போட்டுத் தேய்ச்சுப்போட்டன். இனி என்னத்தைப் போடுறது?"

காய்ச்சிய தண்ணீர்

பெரியாஸ்பத்திரிப் பல் டொக்டரிடம் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் புளோரைட் அதிகமாம். பல் முரசுக்குள் உருவாகும்போதே கறை ஏறிவிடுமாம். பிறகு எதைப் போட்டுத் தேய்த்தும் பயனில்லை.

மன்னிப்புக் கேட்க வதனியின் வீட்டுக்குப் போனேன். அவர்கள் முந்தியிருந்த வட்டக்கச்சியில் வளர்ந்த அண்ணனுக்குப் பல் பளிச்சென்று இருந்தது. இவள் இடம்பெயர்ந்து வந்தபின் பிறந்தவள். "நான் எப்பவும் காய்ச்சித்தானே குடுக்கிறன்" என்றாள் தாய் மலர். காய்ச்சினால் தண்ணீர்தான் வற்றும், புளோரைட் போகாது என்று சொல்லும் பாவமும் என் தலையில் விழுந்தது.

"அப்ப, இவ்வளவு காலமும் விறகு பொறுக்கி இதையோ காய்ச்சினனான்?"

கடைக்குட்டி

மலரின் மடியில் ஒரு வயதுப் பெண் குழந்தை. விழுந்து முளைக்கிற பற்களையாவது காப்பாற்றலாமே என்று, புளோரைட் குறைந்த வயல்கரைத் திறந்த கிணற்றில் தண்ணீர் அள்ளச் சொன்னேன். அதைக் கட்டாயம் காய்ச்ச வேண்டும் என்று சொல்ல மறந்தேன். காய்ச்சிப் பயனில்லை என்று சொன்னவளும் நான்தானே. மலர் பச்சைத் தண்ணீரையே கொடுத்திருக்கிறாள். குழந்தைக்கு வயிற்றோட்டம். மூன்று நாள் சேலைன் ஏற்றித்தான் உயிர் மீண்டது.

ஆஸ்பத்திரியால் வந்த மலர், நேரே குழாய்க்கிணற்றடிக்குக் குடத்தோடு போனாள். "அக்கா, பிழை என்ரைதான். வயல்கிணத்துத் தண்ணியைக் காய்ச்சிக் குடுங்கோ" என்று பின்னாலேயே போய்க் கெஞ்சினேன். அவள் குழாய்க் கைப்பிடியை அடித்துக்கொண்டே இருந்தாள்.

"வேண்டாம் மிஸ்ஸி. என்ரை பிள்ளை சிரிக்காட்டிலும் பரவாயில்லை, உயிரோடை இருக்கட்டும்."

இன்று அந்தக் கடைக்குட்டி வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறாள். பல் சுகாதாரச் சேவைக்காக எனக்குத் தந்த பாராட்டுப் பத்திரம் அலுமாரிக்குள் கிடக்கிறது.