நான் போய்ப் பார்க்காத கல்

போன வாரம் ஊரில் கொஞ்ச தூரம் நடந்ததில் முழங்கால் பிடித்துக்கொண்டது. தடவ விளக்கெண்ணெய் வாங்கி வந்தேன். குப்பியைக் கவிழ்த்தாலும் அது தன் இஷ்டத்துக்குத்தான் இறங்குகிறது, சர்க்கார் ஆபீஸ் கோப்பு மாதிரி. அந்த வாடை ஏறியதும், எழுபதுகளில் கோயமுத்தூரில் நான் ஆராய்ச்சி செய்த அறைக்குப் போய்விட்டேன். அங்கே கண்ணாடித் தொட்டி நிறைய விளக்கெண்ணெய், நடுவில் ஓர் எஃகுக் குண்டு. குண்டைச் சுற்றி எண்ணெய் எப்படி வழிந்து போகிறது என்று கணக்குப் போடுவது என் வேலை. மூன்று வருஷம் அதைத்தான் செய்தேன். சிரிக்காதீர்கள், உதவித்தொகை கொடுத்தார்கள்.

கைப்பிடி சுற்றும் கணக்கு மிஷின் ஒன்று இருந்தது. அதைச் சுற்றிச் சுற்றி என் வலது தோள் பெருத்தது. அதனால் மேல்பாதிக்கு மட்டும் கணக்குப் போடுவோம். கீழ்ப்பாதியும் அப்படியேதான் இருக்கும் என்று எங்களுக்குள் ஒரு நம்பிக்கை.

ஒரு விடுமுறைக்குக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து எங்கள் ஊருக்குப் போனேன். அப்பாவுக்கும் எதிர்க்கரைத் தோட்டத்துச் சென்னியப்பருக்கும் பேச்சு நின்றிருந்தது. இருவர் மடைக்கும் சற்று மேலே, வாய்க்காலுக்குள் புதிதாக ஓர் உருண்டைக் கல். அது வந்த நாளிலிருந்து நம் மடைக்குத் தண்ணீர் ஏறவில்லை, எடுக்க வேண்டும் என்றார் அப்பா. கல் பாட்டுக்குக் கல், தண்ணீர் பாட்டுக்குத் தண்ணீர் என்றார் சென்னியப்பர். நெல் கதிர் பிடிக்கிற சமயம். ஊர்க்கூட்டத்தில் சென்னியப்பர் என்னைக் கைகாட்டினார்.

"கல்லச் சுத்தித் தண்ணி போறதத்தானுங்களே தம்பி படிக்கறாரு. அவரே எழுதி ஒரு கையொப்பு போடட்டுங்க. அவிய ஊட்டுப் பையன்தானுங்க, நான் கட்டுப்படறேன்."

என் ஆராய்ச்சியைப் பற்றி ஊரில் யாரும் பேசியது அன்று ஒரு நாள்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் உட்கார்ந்து காம்பஸ் வைத்து வட்டம் போட்டேன். அப்பா வாசலில் நின்றார்.

"ஒருக்கா வந்து கல்லப் பாத்துப்போட்டு எழுது கண்ணு. கூப்புடு தூரந்தான்."

"பாக்கோணும்னே இல்லீங்கப்பா. கணக்குல கல்லு இருக்குதுங்க."

கல்லின் இரு பக்கமும் தண்ணீர் ஒரே அளவு போகும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சொந்த அப்பாவுக்கு எதிராகவே எழுதிய என் நடுநிலையை நினைத்து எனக்கே புல்லரித்தது.

என் கணக்கில் கல் முழு உருண்டை, வாய்க்காலுக்குக் கரையே கிடையாது, தண்ணீர் விளக்கெண்ணெய் போல நகரும், சேறு என்ற ஒன்று உலகத்தில் இல்லை. நிஜக் கல் எங்கள் கரையோரம் ஒதுங்கிக் கிடந்திருக்கிறது. அதன் முதுகுப்புறம் தண்ணீர் தேங்கி, வண்டல் படிந்து, எங்கள் மடைவாயை மூடியது. கூட்டத்தில் முடிவானபின் கல்லைத் தொடக்கூடாது. அப்பா தினமும் வண்டலை வெட்டி எடுத்தார், மறுநாள் மறுபடி நிறைந்தது. அந்தப் போகம் எங்கள் நெல் பாலேறாமல் வெளுத்துப்போனது.

சென்னியப்பர் என் தாளுக்குக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினார். என் ஆய்வுக்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான்.

அப்பா திட்டவில்லை. அடுத்த வருஷம் பட்டத்தோடு போனபோது, "நல்லது கண்ணு" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

போன வாரம்தான் முதன்முதலாக அந்தக் கல்லைப் பார்க்க நடந்தேன். கூப்பிடு தூரம்தான். வாய்க்காலை மண் போட்டு மூடி, மனை பிரித்துக் கல் நட்டிருக்கிறார்கள். அப்பாவும் இல்லை, சென்னியப்பரும் இல்லை. எது எங்கள் கரை என்றுகூட எனக்குத் தெரியவில்லை.