விடுப்புத் தாள்களுக்கு நடுவே ஒரு தாள்

அவருடைய இடது கட்டைவிரல் நகம் எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. பனியில் சறுக்கும் காலணிக்கு அடியில் இருக்கும் பிளேடைத் தீட்டி முடித்ததும், அதை அந்த நகத்தின் மேல் ஒருமுறை மெல்ல இழுத்துப் பார்ப்பார். நகம் பொடியாக உதிர்ந்தால் கூர் சரி. உதிராவிட்டால் மறுபடியும் எந்திரத்தில் வைப்பார். இப்படி இழுத்து இழுத்தே நகம் முழுக்க மெல்லிய கோடுகள். துபாயில் ஒரு ஷாப்பிங் மாலின் கீழ்த்தளத்தில், வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போது, ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் போட்டுக்கொண்டு முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் ஐஸ் ஹாக்கி அணிக்கு பிளேடு தீட்டிக்கொண்டிருந்தார் என்றால் நம் ஊரில் நம்பமாட்டார்கள். முதல் நாள் பார்த்தபோது நானே சிரித்தேன்.

நான் அந்த அணியின் மேலாளர். பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். முதலாளிக்கு அலுமினிய ஜன்னல் தொழில். அவர் அலுவலகத்தில் நிர்வாகம் பார்த்துக்கொண்டிருந்த கோயம்புத்தூர்க்காரன் நான். அவருக்கு ஐஸ் ஹாக்கிப் பைத்தியம் பிடித்து, சம்பளத்துக்கு ஆட்டக்காரர்களை வைத்து ஒரு அணியைத் தொடங்கியபோது, "நீ எக்செல் நன்றாகப் போடுகிறாய், நீயே பார்த்துக்கொள்" என்று என் தலையில் கட்டினார். அதுவரை அந்த ஆட்டத்தை நான் டிவியில்கூட முழுசாகப் பார்த்ததில்லை. ஆறு மாதத்தில் எல்லாம் தெரிந்தவன் மாதிரி பேசத் தொடங்கிவிட்டேன். இப்போது நினைத்தால் என் மூஞ்சியிலேயே ஒன்று வைக்கலாம் போலிருக்கிறது.

உபகரண அறைக்குப் பொறுப்பு அவர். ஆட்டக்காரர்களின் ஸ்கேட், மட்டை, கவசம், ஈரக் கையுறை, கிழிந்த சட்டை எல்லாம் அவர் கைக்குப் போய்த்தான் வரும். நான் அவரை "அண்ணே" என்பேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், ஆனாலும் என்னை "சார்" என்பதை விடவே மாட்டார். வேலைக்கு வந்தது ஏசி டெக்னீஷியனாக. பனித்தளத்தைக் குளிர வைக்கும் எந்திரத்தைப் பார்த்துக்கொள்ள வந்தவர், பக்கத்து அறையில் பிளேடு தீட்டும் ஆளுக்குக் கையாளாக வேலை செய்து, அவர் போனதும் அந்த இடத்துக்கே வந்துவிட்டார். இங்கிலீஷ் அரைகுறை, இந்தி முக்கால். ஆட்டக்காரர்களில் கனடாக்காரர், செக் நாட்டுக்காரர், பிலிப்பைன்ஸ்காரர், லெபனான்காரர் என்று பல தினுசு. அத்தனை பேரும் பனியில் இறங்குவதற்கு முன் அவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் இறங்குவார்கள்.

உடை மாற்றும் அறையில் யாருக்கு எந்தக் கொக்கி என்று தீர்மானிப்பதும் அவர்தான். யாரும் அவரிடம் அந்த வேலையைக் கொடுக்கவில்லை. சட்டையை மாட்டி வைக்கிற ஆள் எங்கே மாட்டுகிறாரோ அங்கேதானே உட்கார வேண்டும்? ஒருமுறை, எப்போதும் சண்டை போடும் இரண்டு பேரின் சட்டைகளை எதிரெதிர் மூலைகளில் மாட்டியிருந்தார். பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தால் ஒற்றுமை வருமே, நான் படித்த மேனேஜ்மெண்ட் புத்தகத்தில் அப்படித்தானே இருக்கிறது என்று கேட்டேன். "பக்கத்துல போட்டா அடிச்சுக்குவாக சார். தள்ளிப் போட்டா, ஏதாச்சும் கேக்குறதுக்கு எந்திரிச்சுத் தேடிப் போவாக. தேடிப் போனாத்தான் பேச்சு வரும்" என்றார். அந்த இரண்டு பேரும் இன்னொருவரும் சேர்ந்து ஆடிய மூவர் கூட்டணிதான் எங்கள் அணியின் உயிர். இந்த ஆட்டத்தில் முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை ஆட்களை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், மூவர் மூவராகத்தான் முன்வரிசை இறங்கும். அந்த மூவர் பார்க்காமலே பந்து கொடுத்துக்கொள்வார்கள். பந்தென்றால் பந்தில்லை, ரப்பர் வட்டு.

அணி மூன்றாம் இடத்தில் இருந்தது. முதலாளிக்குப் பொறுக்கவில்லை. பெரிய லீக்கில் ஆடிய பெயர் ஒன்று வேண்டும், போஸ்டரில் போட்டால் அரங்கம் நிறைய வேண்டும் என்றார். நான்தான் தேடிப் பிடித்தேன். ஒரு காலத்தில் பிரமாதமாக ஆடியவர், அப்போது வயது முப்பத்தாறு. ஒரு வாரம் வந்து எங்களோடு பயிற்சி செய்தார். வந்த மூன்றாம் நாளே அண்ணன் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"சார், அந்தப் பெரிய ஆளு வலது காலை ஊன மாட்டேங்கிறாரு."

"யார் சொன்னது?"

"பிளேடு சொல்லுது சார். இடது பிளேடு மூணு நாளும் மொன்னையா வருது. வலது, நான் தீட்டிக் குடுத்த மாதிரியே திரும்பி வருது. முட்டியில ஏதோ இருக்கு. கையெழுத்து வாங்குறதுக்கு முந்தி ஒரு டாக்டர்கிட்ட காட்டிப்புடுங்க."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சொன்ன விதமும் சரி. நாலு பேர் முன்னால் போட்டு உடைக்காமல், தனியாக வந்து சொன்னார். ஆனால் அதற்குள் முதலாளியிடம் வண்ண வண்ணமாக வரைபடம் காட்டி நான் கைத்தட்டல் வாங்கியிருந்தேன். போஸ்டர் அச்சுக்குப் போயிருந்தது. இந்த நேரத்தில் பிளேடு தீட்டுகிறவர் பேச்சைக் கேட்டு முதலாளி முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பதா? "அண்ணே, நீங்க பிளேடைப் பாருங்க, ஆளை நான் பாத்துக்கிறேன்" என்றேன். அவர் கோபிக்கவில்லை. "சரி சார்" என்று சிரித்துவிட்டுப் போனார். எனக்குத்தான் பிறகு அன்று முழுக்க யார் மீதோ எரிச்சலாக இருந்தது.

நட்சத்திரத்தை எடுப்பதென்று முடிவானது. அவருக்கு இடம் வேண்டுமே என்று அந்த மூவர் கூட்டணியைப் பிரித்தேன். ஒருவரை வேறு வரிசைக்கு மாற்றினேன். கோச் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நான் அசரவில்லை. அப்புறம்தான் விசா சிக்கல் வந்தது. எங்கள் கம்பெனிக்கு அனுமதி பதினெட்டு விசா, பதினெட்டிலும் ஆள் இருந்தது. கூடுதலாகக் கேட்டால் ஒரு மாதம் ஆகும். லீக்கில் பெயர் பதிய பத்து நாள்தான் பாக்கி. ஒரு விசாவை ரத்து செய்தால்தான் நட்சத்திரம் உள்ளே வரமுடியும். "ஆட்டக்காரர்களில் கை வைக்காதே, வேறு யாரையாவது எடு, கலாஸ், பேச்சு முடிந்தது" என்று முதலாளி எழுந்து போய்விட்டார்.

வேறு யாரையாவது. பட்டியலில் மேலிருந்து கீழே போனேன். அண்ணன் அந்த வாரக் கடைசியில் மகளின் நிச்சயதார்த்தத்துக்காக மூன்று வார விடுப்பில் ஊருக்குப் போவதாக இருந்தது. ஊரில் இருக்கும்போது ரத்து செய்தால் அழுகை இல்லை, சண்டை இல்லை, நேருக்கு நேர் முகம் பார்க்க வேண்டியதில்லை. முதலாளி அவர் பெயரைச் சொல்லவே இல்லை. சொன்னது நான். இதை ஒளிவு மறைவில்லாமல் எழுதிவிட வேண்டும் என்றுதான் இத்தனையும் எழுதுகிறேன்.

ரத்து செய்ய ஒரு தாளில் அவர் கையெழுத்து வேண்டும். எனக்கு வரவேண்டியதெல்லாம் வந்துவிட்டது, நானே சம்மதித்துப் போகிறேன் என்று அரபியிலும் இங்கிலீஷிலும் எழுதிய தாள். அவரை விமான நிலையத்துக்கு நானே காரில் அழைத்துப்போனேன். பெட்டியில் சாக்லேட், தலைவலித் தைலம், மாப்பிள்ளைக்கு ஒரு கைக்கடிகாரம். வண்டியை நிறுத்திவிட்டு விடுப்புத் தாள்களை நீட்டினேன். நடுவே அந்தத் தாளையும் செருகியிருந்தேன்.

"என்ன சார், இந்தத் தடவை தாளு கூட இருக்கு?"

"லீவு ஃபார்ம்தான்ணே, புதுசா மாத்திட்டாங்க."

வாய் கூசாமல் சொன்னேன். முழங்காலில் பையை வைத்து, அதன்மேல் தாளை வைத்து, ஒவ்வொன்றிலும் தமிழில் முழுப் பெயரையும் நிதானமாக எழுதினார். இறங்கும்போது, "நான் வர்ற வரைக்கும் கோல் காக்குற நம்ம கோலியோட ஸ்கேட்டை மட்டும் யாரையும் தொட விடாதீக. அவருக்கு மத்தவுக மாதிரி தீட்டக் கூடாது, நின்ன எடத்துல வழுக்கணும். வந்து நான் பாத்துக்கிறேன்" என்றார். சரிண்ணே என்றேன். உள்ளே போகும்வரை திரும்பித் திரும்பிக் கையாட்டினார். நானும் ஆட்டினேன். மனுஷனா நான்?

மூன்று வாரம் கழித்து மதுரை விமான நிலையத்திலிருந்து அவர் போன் வந்தது. மூன்று முறை அடிக்க விட்டுவிட்டு நான்காவது முறை எடுத்தேன். "சார், விசா கேன்சல்னு சொல்றாக. கம்ப்யூட்டர்ல தப்பா காட்டுதுன்னு நெனைக்கிறேன். நீங்க ஒரு வார்த்தை இந்தப் பொண்ணுகிட்ட பேசுறீகளா?" என்றார். பின்னால் அவர் வீட்டார் பேசும் சத்தம் கேட்டது. வழியனுப்ப வேன் பிடித்து வந்திருந்தார்களாம், சம்பந்தி வீட்டாரும் கூட. நான் அந்தப் பெண்ணிடம் பேசவில்லை. ஆபீஸில் யாரோ தாளை மாற்றி வைத்துவிட்டார்கள், எனக்கே இன்றைக்குத்தான் தெரியும், முதலாளியோடு பெரிய சண்டை போட்டேன், அவர் கேட்கவில்லை என்று கோர்வையாகச் சொன்னேன். பிறகு, "எனக்காக நீங்க எதுக்கு சார் சண்டை போட்டீக? உங்க வேலைக்கு ஒண்ணும் ஆயிராதுல்ல?" என்று கேட்டார். மகள் கல்யாணம் ஒரு வருடம் தள்ளிப்போனது என்று பின்னால் வேறொருவர் சொல்லித் தெரிந்தது.

நட்சத்திரம் நாலு ஆட்டம் ஆடினார். ஐந்தாவதில், யாரும் இடிக்காமலே, திரும்பும்போது வலது முட்டி மடங்கி விழுந்தார். ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். பிளேடு தீட்டப் புதிதாக வந்த ஆள் எல்லாருக்கும் ஒரே மாதிரி தீட்டினான். கோலி நகர முடியாமல் தடுக்கித் தடுக்கி விழுந்தார். பிரிந்த மூவரை மறுபடி சேர்த்தேன், ஆனால் எதிரெதிர் மூலைக்காரர்கள் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. கடைசி இடத்துக்கு வந்தோம். முதலாளி கூட்டம் கூட்டி மேஜையைத் தட்டினார். "முட்டி போன ஆளை என் தலையில் கட்டியிருக்கிறீர்கள். ஒருத்தன் கண்ணிலும் படவில்லையா?"

என் வாயிலிருந்து அண்ணன் பெயர் வந்தது. ஸ்கேட்டைக் கையாண்டவர் அவர்தான், தெரிந்திருந்தால் அவருக்குத்தான் தெரிந்திருக்கும், சொல்லாமல் மறைத்துவிட்டார் என்றேன். எழுத்தில் கொடு என்றார். எழுதினேன். கடமையில் கவனக்குறைவு, முக்கியத் தகவலை மறைத்தார், மீண்டும் வேலைக்கு எடுக்கத் தக்கவர் இல்லை. மூன்றே வரிதான். கை நடுங்கியது என்று எழுத ஆசையாக இருக்கிறது. நடுங்கவில்லை. எழுதிவிட்டுப் போய் மதியம் பிரியாணி சாப்பிட்டேன். அடுத்த சீசனுக்கு அணியே இல்லை. முதலாளி பனியை விட்டுவிட்டுப் படகுப் பந்தயத்துக்குப் போய்விட்டார். நான் பஹ்ரைனில் ஒரு விழா ஏற்பாட்டுக் கம்பெனிக்கு வந்து சேர்ந்தேன்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, இங்கே குதைபியா கடைத்தெருவில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு நின்றபோது யாரோ என் தோளைத் தொட்டார்கள். "சார்! நீங்கதானா?" அவரேதான். தலை முழுக்க நரைத்திருந்தது. இங்கே ஒரு காய்கறிக் குளிர்பதனக் கிடங்கில் வேலை, வந்து எட்டு மாதமாம். கூட ரூம்காரர்கள் இரண்டு பேர். "நான் சொல்லுவேன்ல, எனக்காக மொதலாளிகிட்ட சண்டை போட்ட சாருன்னு? இவருதான்" என்றார். அந்த இரண்டு பேரும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மரியாதையாகக் கும்பிட்டார்கள். மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. கையை உதறிக்கொண்டு ஓடவும் முடியவில்லை. டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

மகளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது என்றார். அப்புறம் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"ஒரு விசயம் கேக்கணும்னு இருந்தேன் சார். சவுதியில புதுசா ஒரு ஐஸ் ஹாக்கி டீம் எடுக்குறாக. நம்ம கோலிதான் அங்க கோச்சு. என்னையக் கூப்புட்டாரு. எல்லாம் முடிஞ்சு, நம்ம பழைய ஆபீஸுக்கு ஒரு வார்த்தை கேட்டு எழுதியிருக்காக. அங்கேருந்து என்னையப் பத்தி ஒரு தாளு வந்துச்சாம். நான் எதையோ மறைச்சேன்னு எழுதியிருக்காம். அந்த எடத்துக்கு வேற ஆளப் போட்டுட்டாக. நான் என்னத்த சார் மறைச்சேன்? உங்ககிட்டதான வந்து சொன்னேன்?"

என்னிடம் வந்து சொன்னது அவருக்கு நினைவிருக்கிறது. அப்படியிருந்தும் என்மேல் சந்தேகம் வரவில்லை. இப்போதாவது சொல்லிவிடு என்று உள்ளே ஒரு குரல் அடித்துக்கொண்டது. ரூம்காரர்கள் இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் டீயைக் குடித்தேன்.

"யாரு சார் அப்பிடி எழுதுனது? உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. நீங்க பாத்திருந்தா விட்டிருக்க மாட்டீக."

"தெரியலண்ணே. நான் விட்டு வந்தப்புறம் எழுதியிருப்பாங்க."

அவர் தலையை ஆட்டினார். பிளேடு தீட்டும்போதுகூட அவர் முகத்தை நான் அவ்வளவு இறுக்கமாகப் பார்த்ததில்லை.

"எவனா இருந்தாலும் அவன் நல்லாவே இருக்க மாட்டான் சார்."

"இருக்க மாட்டான்ணே" என்றேன்.