தங்கைக்கு நான் மாட்டிய எட்டு ஜிபி

என் தங்கையின் பிழைப்பில் மண்ணைப் போட்டவன் நான்தான். அதையும் அன்பளிப்பாகப் போட்டேன்.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்கு எதிரே, அவளுக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. திங்கட்கிழமை மனு கொடுக்க வருகிறவர்கள் மடிப்பு கிழிந்த நில வரைபடங்களோடு நிற்பார்கள். அவ்வளவு பெரிய தாளை ஸ்கேன் செய்யும் மெஷின் அந்த வரிசையில் இரண்டே கடைகளில்தான். இவளுடையது கிழம், ஆனால் ஒரு கோடு விடாமல் எடுக்கும்.

"கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோண்ணா" என்று ஒருமுறை சலித்துக்கொண்டாள். இருந்த இரண்டு ஜிபி மெமரியோடு கூடுதலாக எட்டு ஜிபி வாங்கி மாட்டினேன். மறுநாளிலிருந்து வரைபடத்தின் மேல்பாதி ஒழுங்காக வந்தது. கீழ்பாதி வெறும் கறுப்புப் பட்டை. "என் கெணறு எங்கம்மா?" என்றாராம் கீழ்பென்னாத்தூர்க்காரர் ஒருவர். கேட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனார். மற்றவர்களும் போனார்கள்.

காரணம் ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது. ஸ்கேனரைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பழைய கார்டுக்கு, மெமரியில் முதல் நான்கு ஜிபிக்கு மேல் முகவரி தெரியாது. பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தால் வெளியூர் பஸ் எங்கள் ஊருக்குள் வராது. ஜனங்களை எல்லையில் இறக்கிவிடும், அங்கிருந்து ஆட்டோ. படத்தையும் அப்படித்தான் முதல் நான்கு ஜிபிக்குள் இறக்கி, அங்கிருந்து மேலே கொண்டுபோக வேண்டும். கார்டையும் கம்ப்யூட்டரையும் பேச வைக்கிற டிரைவர் நிரலுக்கு அந்த வழக்கம் தெரியவில்லை. கடையில் ஓடுவது யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற இலவச இயங்குதளம். யார் வேண்டுமானாலும் என்றால் நானும்தானே?

மாட்டியதைக் கழற்றினாலும் சரியாகியிருக்கும். தெரியும். ஆனால் உலகமெல்லாம் ஓடுகிற நிரலில் தன் பெயர் வர, ஐம்பது வயதுக்காரனுக்கு எத்தனை வாய்ப்பு வரும்? "டிரைவர்ல கோளாறு, நான் பாத்துக்கறேன்" என்று மட்டும் அவளிடம் சொன்னேன்.

அதே மாதிரி கார்டு ஒன்றைப் பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்து, வீட்டில் வைத்து டிரைவரைத் திருத்தி எழுதினேன். "எப்போண்ணா முடியும்?" என்று வாராவாரம் போன் செய்தாள். "இந்த வாரம்மா." மூன்றாவது மாதம் கேட்பதை நிறுத்திவிட்டாள். அதைப் பொறுமை என்று எடுத்துக்கொண்டேன்.

ஆறாவது மாதம் திருத்தத்தை அந்த இயங்குதளக் குழுவுக்கு அனுப்பினேன். அதில் ஸ்கேனர் டிரைவர்களைப் பராமரிக்கிற அயல்நாட்டுக்காரர் இரண்டு வரி எழுதினார்: இந்தக் கார்டை இன்னும் யாராவது பயன்படுத்துகிறார்களா? அடுத்த பதிப்பில் டிரைவரையே எடுத்துவிடப் போகிறோம். "என் தங்கை பயன்படுத்துகிறாள்" என்று பதில் போட்டேன். மறுமொழி இல்லை.

போகட்டும், தங்கைக்காவது ஆகுமே என்று பென்டிரைவோடு கடைக்குப் போனேன். கடையில் யாரும் இல்லை. பக்கத்துக் கடையில் நின்றவர்களை எண்ண மனம் வரவில்லை. டிரைவரை ஏற்றி ஒரு வரைபடத்தை உள்ளே விட்டேன். கிணறு, வாய்க்கால், எல்லைக்கல் எல்லாம் முழுசாக வந்தன. மெமரி எவ்வளவு என்று ஒரு கட்டளை அடித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அவள் பக்கம் திரும்பி, "பாத்தியா?" என்றேன்.

"மூணு மாசமா இப்படித்தாண்ணா வருது. போன ஜனங்கதான் வரல. நீ மாட்டினத பக்கத்துக் கடைக்காரரு வந்து அஞ்சு நிமிஷத்துல கழட்டிக் குடுத்தாரு. டிராயர்ல இருக்கு, போறப்ப எடுத்துட்டுப் போ."