ஆனந்தராஜின் கூடுதல் நான்கு வயது

ஆனந்தராஜுக்கு உண்மையில் வயது ஐம்பத்திரண்டு, ஆதாரில் ஐம்பத்தாறு. பதினான்கு வயதில் ஓசூரில் ஒரு கம்பெனியில் சேரும்போது, பதினெட்டு என்று எழுதச் சொன்னவர் மேஸ்திரி. அந்த நான்கு வயதும் பிஎஃப், ரேஷன் கார்டு, ஆதார் என்று அவர் கூடவே வளர்ந்தது. சம்பளம்கூட அவ்வளவு விசுவாசமாக வளரவில்லை.

மனைவி மாதேஸ்வரிக்கு முப்பத்தெட்டு. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கோயில் கோயிலாகச் சுற்றிவிட்டு, ஓசூரில் ஒரு குழந்தைப்பேறு மருத்துவமனைக்குப் போனார்கள். டாக்டர் ஆனந்தராஜின் முகத்தைப் பார்க்கவில்லை. ஆதாரைப் பார்த்தார்.

"ஆம்பளைக்கு அம்பத்தஞ்சுக்குள்ள இருக்கணும். சட்டம்."

ஆனந்தராஜ் அசரவில்லை. டீசல் கர்நாடகத்தில் மலிவு என்றால் சட்டமும் கொஞ்சம் மலிவாகத்தானே இருக்கும்? மனைவியைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு மாநில எல்லையான அத்திப்பள்ளியைத் தாண்டினார். பெங்களூரு மருத்துவமனையில் ஆலோசனை சொல்லும் சரிதா தமிழிலேயே சிரித்தாள்.

"அண்ணா, இது நாட்டுக்கே ஒரே சட்டம்."

"அப்ப எந்த நாட்டுலம்மா விடுவாங்க?"

"இங்கிலாந்துல ஆம்பளைக்கு இத்தனை வயசுதான்னு சட்டமே இல்ல. இஸ்ரேல்ல கவர்மெண்டே செலவு பண்ணுது. ஜெர்மனியில கருமுட்டை தானம் வாங்கவே கூடாது."

"இங்கிலாந்துக்கு பாஸ்போர்ட் எடுத்துரலாமா?" என்று மனைவியின் பக்கம் திரும்பினார்.

"அதுலயும் அம்பத்தாறுன்னுதான் போடுவான்," என்றாள் மாதேஸ்வரி.

சரிதா குரலைத் தாழ்த்தினாள். "அக்காவுக்குத் தடையில்ல. தானமா வர்ற விந்தணுவை வெச்சு அக்கா தனியாவே பண்ணிக்கலாம்."

முகம் தெரியாத ஒருவன் தகப்பனாகலாம். எதிரே உட்கார்ந்திருப்பவன் ஆகக்கூடாது. ஆனந்தராஜ் பைக்கை ஓசூருக்குத் திருப்பினார்.

வீட்டு வாசலில் மாதேஸ்வரி ஹெல்மெட்டைக் கழற்றினாள். "நீங்க படிச்ச கெலமங்கலம் ஸ்கூல் ரெஜிஸ்டர்ல நிஜ வயசு இருக்கும். வாங்கியாந்து ஆதாரை மாத்துங்க."

"கம்பெனிக்குத் தெரிஞ்சா? இத்தனை வருஷம் ஏமாத்தினவன்னு சொல்லுவானே!"

"ஏமாத்தினது பதினாலு வயசுப் பையன். வேணும்னா அவனைத் தேடிப் பிடிக்கட்டும். திங்கக்கிழமைக்குள்ள நீங்க போகலைன்னா, நான் ஆஸ்பத்திரியில தனியா கையெழுத்துப் போட்டுருவேன்."

திங்கட்கிழமை தலைமையாசிரியைக்கு முன்பே ஆனந்தராஜ் பள்ளிக்கூட வாசலில் நின்றார்.

"பேரனுக்கு டி.சி.யா?" என்று கேட்டார் அந்தம்மா.

"எனக்குத்தாங்க."

பழைய பதிவேட்டைப் புரட்டிப் பெயரைக் கண்டுபிடித்து, அவர் நீட்டிய ஆதாரோடு ஒப்பிட்டுவிட்டு, கண்ணாடிக்கு மேலாக அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இதுல எழுபத்து மூணுல பொறந்ததா இருக்கு. நாலு வயசு குறைஞ்சிருமே, பரவாயில்லையா?"

"குறைச்சுக் குடுங்கம்மா," என்றார் ஆனந்தராஜ். "அப்பனாகணும்."