பிள்ளைக் காம்பராவில் பன்னிரண்டு நாள்

கழுத்தில் வந்த புற்றுநோய் முழுக்கப் போய்விட்டது என்று கோயம்புத்தூர் டாக்டர் சொன்னபோது எனக்கு இருபத்திரண்டு வயது. இலங்கையிலிருந்து கப்பலேறி வந்து, குன்னூர்ப் பக்கம் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தின் லயத்தில், அந்தக் கூலி வரிசை வீடுகளில், ஓர் இடம் கிடைத்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. பட்ட காலிலேயே படும் என்பார்கள். எனக்குக் கழுத்தில் பட்டது.

பிழைத்தேன். ஆனால் கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டினால் அறுத்த இடம் உயிர் போக வலித்தது. தோட்டத்து ஆபீசர் நல்ல மனிதர். "அம்மிணி, நீ கூடை தூக்க வேண்டாம். புள்ளைகளைப் பார்த்துக்க," என்று பிள்ளைக் காம்பராவில் போட்டார். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் அறை அது. உத்திரத்தில் ஒன்பது சேலைத் தொட்டில்கள். இந்த வேலையும் போனால் தோட்டத்தில் எனக்கு வேறு வேலை கிடையாது. லயத்து மூலையில் உட்கார்ந்து எல்லார் பரிதாபத்தையும் தின்றுகொண்டு கிடக்க வேண்டியதுதான்.

முதல் நாள் ஆபீசர் வாசலிலேயே நின்றதால் ஒன்பது பிள்ளைகளும் வந்தன. மறுநாள் ஆறு. அதற்கடுத்த நாள் இரண்டு. ஒருத்தி பிள்ளைக்குச் சளி என்றாள், இன்னொருத்தி தன்னை விட்டு இருக்க மாட்டேங்குது என்றாள். சண்டைக்கு வந்திருந்தால் நானும் நாலு கேள்வி கேட்டிருப்பேன், எனக்கும் வாய் உண்டு. அவர்களோ ரொட்டி சுட்டுக் கொண்டுவந்து, "சாப்பிடு, உடம்பு தேறட்டும்," என்றார்கள். கொடுத்த தட்டை ஒருத்தியும் திரும்பக் கேட்கவில்லை.

கடைசியில் என் தங்கையின் பிள்ளை மட்டும் மிச்சம். ஒரு காலையில் அவளும் வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, கோவிக்காத. மாமியா ஏசுறாங்க, புள்ளைக்கு ஒட்டிக்கும்னு."

"ஒட்டுற நோயில்லடி!"

"எனக்குத் தெரியும்க்கா," என்றாள். தெரியும் என்றவள்தான் பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மலையேறிப் போனாள். பிழைத்து வந்தது என் குற்றமா? யாரிடம் போய்க் கேட்பது?

பன்னிரண்டாம் நாள் விடிந்ததிலிருந்தே மழை. மேல்மலையில் மரத்தடியில் பிள்ளைகளைக் கிடத்திச் சாக்கால் மூடியிருந்தார்கள். அழுகை காம்பரா வரை கேட்டது. இங்கே அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது, தொட்டில்கள் எல்லாம் காலி. பொறுக்க முடியாமல் மேலே ஓடினேன்.

"நான் தொடக்கூட மாட்டேன். நீங்களே கொண்டுவந்து தொட்டில்ல போட்டுட்டுப் போங்க," என்று கெஞ்சினேன். எல்லாரும் குனிந்து கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே இருந்தார்கள். தங்கையின் பிள்ளைக்குக் குளிரில் உதடு நீலம் பாய்ந்திருந்தது.

நேராக ஆபீசரிடம் போனேன்.

"எனக்கு இந்த வேலை வேணாங்க ஐயா."

"ஏம்மிணி, கழுத்து வலிக்குதா?"

"ஆமாங்க," என்றேன். வேறு என்ன சொல்ல?

மறுநாள் இன்னொரு பெண் அங்கே உட்கார்ந்தாள். வேலைக்குப் பேர் கூப்பிடும் முன்பே ஒன்பது தொட்டிலும் நிறைந்துவிட்டன. முதலில் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டவள் என் தங்கை. திரும்பும் வழியில் லயத்து வாசலில் என்னைப் பார்த்து நின்றாள்.

"நல்லதாப் போச்சுக்கா," என்றாள். "இனி நீ ரெஸ்ட் எடு."