சுண்ணாம்புக் கை

ஆம்பூரை விட்டு இரண்டு கல் தூரம் நடந்த பிறகு கோணிப்பைக்குள் இருந்த பூனைக்குட்டி கத்துவதை நிறுத்தியது. அது எனக்குக் கத்தலைவிடப் பயமாக இருந்தது. அவிழ்த்துப் பார்த்தால் பாலாற்று மணலில் ஓடிவிடும். அவிழ்க்காமலே நடந்தேன்.

நான் வேலை பார்த்த, தோல் பதனிடும் ஷாப்பில், மயிர் கழலத் தோல்களை ஊறப்போடும் சுண்ணாம்புக் குழிகளைச் சாயங்காலம் படல் போட்டு மூடுவது என் பொறுப்பு. வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. கிளறாமல் விட்டால் குழித் தண்ணீர்மேல் வெள்ளையாக ஏடு கட்டும். பார்த்தால் பூசிய தரை மாதிரி இருக்கும். ஒரு வியாழக்கிழமை அவசரத்தில் ஒரு குழியை மூடாமல் போனேன். மறுநாள் பொழுது சாயும்போது கொட்டகையில் படுத்திருந்தேன். எங்கேயோ பிறாண்டும் சத்தம் கேட்டது. பெருச்சாளி என்று திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை அந்தக் குழியிலிருந்து இடுக்கியால் தோல்களைத் தூக்கியபோது, கிடங்கில் எலி பிடித்துத் திரிந்த தாய்ப்பூனை செத்து மேலே வந்தது, பாதி மயிர் கழன்று.

"இன்னாடா, கணக்குல ஒரு தோல் ஜாஸ்தி" என்றார் மேஸ்திரி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

புதைத்துவிட்டுத் திரும்பியபோது தோலுக்குப் போடும் ஆவாரம்பட்டைக் குவியலுக்குள் இந்தக் குட்டி கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பிடிக்க மூன்று நாளாயிற்று. பிடித்த அன்றே யாரிடமும் சொல்லாமல் கிளம்பினேன்.

பள்ளிகொண்டாவில், ஆப்பம் சுட்டு விற்கும் ஒரு முஸ்லிம் விதவையின் வீட்டில் இடம் கிடைத்தது. அவர் அரிசி மூட்டையை எலி கடித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் சுமந்து ஊற்றினால் பின்கட்டில் படுத்துக்கொள்ளலாம் என்றார்.

பையை அவிழ்த்ததும் குட்டி விறகு அடுக்குக்குள் பாய்ந்தது. பால் வைத்தேன், தொடவில்லை. கருவாட்டுத் தலை வைத்தேன், காலையில் எறும்புதான் மொய்த்தது. என் கை நெருங்கினால் சீறும். மூன்றாம் நாள் விறகுச் சந்தில் பார்த்தேன், வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது. இதுவும் செத்துப்போனால் அந்தக் குழிக்கு இரண்டு உயிர் என்று ஆகும். அதற்கு மேல் நான் எதையும் யோசிக்கவில்லை.

"உங்கையில தோல் ஷாப்பு வாடை அடிக்குது" என்றார் ஆப்பக்காரம்மா. "எனக்கே தாங்கல. அது பச்சப்புள்ள, எப்படி வரும்?"

"கழுவிட்டுத்தான் வெக்கிறேன், பீபிம்மா."

"கழுவுனியாம். சாம்பலும் சீக்காயும் போட்டுத் தேய். அப்புறம் அதப் பாக்காத, பேஜார் பண்ணாத. முதுகக் காட்டி உக்காரு. நாந்தான் வெப்பேன்."

அவர் வைத்த பாலை அன்று மாலையே குடித்தது. அடுத்த நாள் அடுப்பின் சூட்டுக்கு வந்து படுத்தது. ஆப்பக்காரம்மாவின் முந்தானையை இழுத்து விளையாடவும் தொடங்கியது. பொழுது சாயும் வேளையில் மட்டும் விறகுக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பிறாண்டும். அதே சத்தம். அப்போதெல்லாம் நான் எழுந்து தெருவுக்குப் போய்விடுவேன்.

எட்டாம் நாள் சாயங்காலம் போகவில்லை. முதுகைக் காட்டி உட்கார்ந்து, கையை மட்டும் பின்னால் தரையில் வைத்திருந்தேன். மீசை முடி உரசியது. சுண்ணாம்பில் வெடித்த உள்ளங்கையை நக்கியது, எரிந்தது. பிறகு மோந்து பார்த்துவிட்டுக் கத்தியது. பட்டைக் குவியலுக்குள் தாயைத் தேடிக் கூப்பிட்ட அதே குரல். தாயைப் புதைத்த கையில் எதை மோந்தது என்று எனக்குத் தெரியாது. சிறிது நேரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கைமேலேயே சுருண்டு தூங்கிப்போனது. நான் அசையவில்லை.

"கை மரத்துப்போச்சா?" என்று கேட்டார் ஆப்பக்காரம்மா.

"போகட்டும்."

மறுநாள் காலை, வேலூர்த் தோல் ஷாப்பு ஒன்றுக்கு ஆள் பிடிக்க வந்தவர் குழி வேலை தெரிந்தவன் வேண்டும் என்று தெருவில் விசாரித்தார். என்னைத்தான் காட்டினார்கள். தெரியாது என்று சொல்லிவிட்டு, ஆற்றோரத்துச் செங்கல் சூளையில் பாதிக் கூலிக்குக் கல் சுமக்கப் போனேன்.