லெமினேட் செய்த விமர்சனம்

என் அலுமாரியின் மேல்தட்டில் லெமினேட் செய்த பத்திரிகைத் துண்டு ஒன்று இருக்கிறது. வட ஐரோப்பியப் புராணத்து இடிக்கடவுளைச் சூப்பர்ஹீரோவாக்கிய ஆங்கிலப் படமொன்றுக்கு நான் எழுதிய விமர்சனம் அது. அதில் ஒரு வரியின் கீழ் நீல மையில் கோடு. போட்டவர் புத்தளம் தில்லையடியில் போட்டோகொப்பிக் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர்; அண்ணன் என்ற முறையில் ‘நானா’ என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். பாராட்டித்தான் போட்டிருக்கிறார் என்று ஒரு வருஷம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

நான் புத்தளத்துக்குத் தெற்கே கடலோரத்து உடப்பு ஊர்க்காரன். கொழும்பு வாரப் பத்திரிகை ஒன்றுக்கு நான் எழுதும் விமர்சனங்களை டைப் செய்து அனுப்பித் தந்தவர் நானாதான். தொண்ணூறில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த சாரத்தோடு படகில் கற்பிட்டியில் வந்து இறங்கியவர். அந்தப் படத்துக்கு மட்டும் என்னோடு நீர்கொழும்புத் தியேட்டருக்கு வந்தார். தன்னைத்தானே கேலிசெய்யும் படம் என்று வெளிநாட்டு விமர்சகர்கள் அதைத் தலையில் தூக்கிவைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். அவற்றையெல்லாம் முன்பே படித்துவிட்டதால் எங்கே சிரிக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. கடைசியில் தேவர்களின் நகரம் எரிகிறது. சனம் ஒரு கப்பலில் நெருக்கியடித்து ஏறுகிறது. அப்போதும் ஒரு பகிடி. அரங்கே சிரித்தது. நானும்தான். திரும்பும்போது பஸ்ஸில் நானா ஒன்றே ஒன்று சொன்னார்.

“தம்பி, கப்பல்ல ஏறின சனத்தில ஒருத்தர்ர கையிலயும் ஒரு பை இல்ல. கவனிச்சீங்களா?”

நான் கவனித்திருக்கவில்லை. ஆனாலும் “ஓம் நானா” என்றேன். விமர்சனத்தில் அந்தக் கப்பலைப் பற்றி இப்படி எழுதினேன்: ‘மண் எரிந்தால் எரியட்டும், மக்கள் மிஞ்சினால் அதுதான் ஊர்.’ எழுதியபோது எனக்கே புல்லரித்தது. அதை டைப் செய்தவரும் நானாதான். பத்திரிகை வந்த கிழமை அதை வெட்டி, அந்த வரிக்குக் கோடு போட்டு, லெமினேட் செய்து என் கையில் தந்தார். “பழுதாகாம இரிக்கட்டும் தம்பி” என்றார்.

அடுத்த வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். ஜனாஸா வீட்டில் அவருடைய மகள்தான் எனக்கு விஷயத்தைச் சொன்னாள். மன்னாரில் காடு பற்றிக் கிடந்த பழைய வளவைத் துப்புரவாக்கி, ஓர் அறையாவது கட்டிக் குடியேற, என் விமர்சனம் வந்த நேரத்தில் அவர் ஆயத்தமாக இருந்தாராம். பிள்ளைகளுக்கு விருப்பமில்லை.

“நீங்க எழுதினதத்தான் வாசிச்சுக் காட்டினோம் அங்கிள். உங்கட கூட்டாளியே சொல்றாரே வாப்பா எண்டோம். அதோட வாப்பா போற கதைய விட்டுட்டார்.”

நன்றி சொல்லும் குரலில்தான் சொன்னாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், ‘நானா, அது யாரோ சிரித்த சிரிப்பைப் பார்த்து எழுதியது, நீங்கள் மன்னாருக்குப் போங்கள்’ என்று சொல்லியிருப்பேன். ஆனால் பஸ்ஸில் அவர் என்னிடம் கேட்டார்தானே.

புத்தளம் மையவாடியில்தான் அவரை அடக்கினார்கள். நேற்று அந்தத் துண்டை எடுத்து, என் வரிக்குப் பக்கத்தில், பை இல்லாத கைகளைப் பற்றி எழுதப் பார்த்தேன். பிளாஸ்டிக்கில் மை ஏறவில்லை. விரல் பட்டதும் அழிந்தது. அவர் போட்ட கோடு மட்டும் உள்ளே பழுதாகாமல் இருக்கிறது.